வாசகர் கேள்வி–பதில்: வளைவில் தடம் புரளும் பால் டேங்கர்

கேள்வி: பிரிட்டிஷ் ரயில்வேயின் ஆறு சக்கரப் பால் டேங்கர் வேகனை ஓஓ அளவில் (1:76 மாதிரி ரயில்) கிட் வாங்கிச் செய்தேன். நேர்த் தடத்தில் நன்றாக ஓடுகிறது, 438 மி.மீ. ஆர வளைவில் நடுச் சக்கரம் ஏறிப் புரள்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 52 மி.மீ. நடு அச்சைக் கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள், அந்த மூன்றாவது அச்சுதான் இந்த வேகனுக்கே அடையாளம். 1927-ல் இவை நான்கு சக்கரத்தோடுதான் வந்தன. உள்ளே 3,000 கேலன் பால் அலைமோத, பயணிகள் ரயில் வேகத்தில் வண்டி ஆட்டம் கண்டது. 1931 முதல் ஆறு சக்கர வேகன்கள் வந்தது அதனால்தான்.

உங்கள் கிட்டில் மூன்று அச்சும் ஒரே கோட்டில் இறுகியிருக்கும். 52-இன் பாதியான 26-ஐ 26-ஆல் பெருக்கி, வளைவின் ஆரம் 438-இன் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள்: 0.77 மி.மீ. வளைவில் நடு அச்சு அவ்வளவு வெளிப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். பக்கத்துக்கு 1 மி.மீ. இடம் விடுங்கள்.

முன், பின் அச்சுகளைத் தொட வேண்டாம். நடு அச்சின் இரு கூர்முனைகளையும் வெட்டி, நீளத்தை 21 மி.மீ. ஆக்குங்கள். அச்சு தளர்வாகச் சுழலும் பித்தளைக் குழாய் 12 மி.மீ. நீளத்தில் வேண்டும். அதன் நடுவில் 0.5 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியைக் குறுக்கே பற்றவையுங்கள். பற்றவைத்து ஆறிய பிறகே அச்சைக் குழாய்க்குள் நுழையுங்கள். முந்தினால் சூட்டில் சக்கரத்தின் பிளாஸ்டிக் நடுப்பகுதி உருகி, சக்கரம் கோணும். சக்கரத்தை மீண்டும் ஏற்றும்போது இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே இடைவெளி 14.5 மி.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். கம்பியின் மறுமுனையை வேகனின் அடித்தளத்தில் ஒட்டினால், அச்சு மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையும்.

வேகனைக் கண்ணாடி மேல் நிறுத்தி, நடுச் சக்கரத்துக்கு அடியில் காகிதத் துண்டு வையுங்கள். லேசான உரசலோடு உருவ வரவேண்டும். இறுக்கிப் பிடித்தால் நடு அச்சு எடை தாங்குகிறது, மறுபடி புரளும். கம்பியை மேலே வளையுங்கள். நடுச் சக்கரத்தின் பிரேக் கட்டைகளையும் கவனியுங்கள்: சக்கரம் பக்கவாட்டில் நகரும்போது அவற்றில் மாட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கேள்வி: எடைக்காக டேங்குக்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டி, ஃபெவிகால் ஊற்றி அடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வெள்ளைப் பசையிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் மூடிய இடத்தில் ஈயத்தை அரிக்கும். ஈயம் வெள்ளைப் பொடியாக மாறி உப்பி, சில வருடங்களில் டேங்கின் ஒட்டுவாயைப் பிளந்துவிடும். அரால்டைட் போன்ற எபாக்ஸி போதும். இரும்பு நட்டுகள் இன்னும் நிம்மதி. வேகன் மொத்தம் 60 கிராம் இருக்கட்டும். எடையை டேங்கின் கீழ்ப்பாதியில், முன், பின் அச்சுகளுக்கு மேலே சமமாகப் பிரித்து வையுங்கள். மேலே ஏற்றினால் வளைவில் சாயும்.

கேள்வி: எழுத்து ஒட்டுவது முதலிலா, டேங்கைப் பிடித்து நிற்கும் இழுகம்பி மாட்டுவது முதலிலா?

பதில்: எழுத்துதான் முதலில். டேங்க் பால் நிறுவனத்துடையதாகவும், அதைத் தாங்கும் அடிச்சட்டம் ரயில்வேயுடையதாகவும் இருந்தன. எனவே நிறுவனத்தின் பெயர் டேங்கிலும், வேகன் எண் அடிச்சட்டத்திலும் வரும். எழுத்து காய்ந்து வார்னிஷ் பூசிய பிறகு 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை மாட்டுங்கள். வளைந்த கம்பியைக் கண்ணாடி மேல் வைத்து, எஃகு ஸ்கேலால் அழுத்தி உருட்டினால் நேராகிவிடும்.