இடுப்புக் கட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எடின்பரோவில் படிக்கும் என் மகன், நண்பனின் கல்யாணத்தில் உடுத்த கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை) வாடகைக்கு எடுத்திருக்கிறான். கடையில் பேன்ட் அளவு 34 என்று சொன்னானாம். பேன்ட் போடும் இடத்தில் கட்டினால் பக்கிள் எட்டவில்லை, முட்டிக்குக் கீழே தொங்குகிறது. தொப்புள் வரை ஏற்றினால் வயிறு பிடிக்கிறது, "பார்க்கவும் கோமாளி மாதிரி இருக்கு வாப்பா" என்கிறான். எங்கே கட்டுவது சரி?
வாசகர், கீழக்கரை

பதில்: ஏற்றிக் கட்டுவதுதான் சரி. தொப்புள் மட்டத்திலோ அதற்கு ஓரிரு விரல் மேலேயோ நிற்பதற்கென்றே தைக்கப்படும் உடை அது. பின்பக்கம் உள்ள மடிப்புகள் இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைத்து மூடப்பட்டிருக்கும். ஒவ்வொரு மடிப்பும் மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கும். இறக்கிக் கட்டினால் குறுகலான பகுதி அகலமான எலும்பின் மேல் வந்து உட்காருகிறது. பக்கிள் எட்டாமல் போவது அதனால்தான். பின்மடிப்புகளும் வாய் பிளந்து நிற்கும்.

இன்னொரு காரணம் எடை. முழுக் கில்ட்டுக்கு 8 கஜம், அதாவது 7 மீட்டருக்கு மேல் கம்பளித் துணி பிடிக்கும். கனமான துணியில் தைத்தால் 2 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தை வெறும் இறுக்கத்தால் நிறுத்த முடியாது. இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு மேலே வார் விழுந்தால், எலும்பே அதைக் கீழே இறங்கவிடாது. கைலி கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பேன்ட் அளவு இதற்கு உதவாது, இப்போதைய பேன்டுகள் நிற்பது இடுப்புக்குக் கீழே. நேராக நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சதை மடியும் இடம் தெரியும், இடுப்பு அதுதான். வயிற்றை உள்ளே இழுக்காமல் அங்கே டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்ற வேண்டும். அடுத்து பிட்டத்தின் மிக அகலமான இடம். மூன்றாவது, இடுப்பிலிருந்து முட்டிச்சில்லின் நடு வரை உயரம். உயரத்தை வேறொருவர்தான் அளக்க வேண்டும். தானே குனிந்து டேப்பைப் பார்த்தால் கணக்கு தப்பும். உடுத்தியபின் மண்டியிட்டு நிமிர்ந்து நின்றால் கீழ்விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

உடுத்தும் முறை: மடிப்புகளின் நடு, முதுகெலும்புக்கு நேராக வரட்டும். முன்னால் மடிப்பில்லாத இரண்டு முகப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். உள்முகப்பை முதலில் இடப்பக்கம் கொண்டுபோய், அதன் வாரை இடப்பக்கத் துளை வழியாக வெளியே எடுத்து மாட்டவும். பிறகு வெளிமுகப்பை வலப்பக்கம் கொண்டுவந்து இடுப்புப் பக்கிளைப் போடவும். வலப்புறம் கீழே இன்னொரு பக்கிள் இருந்தால் அது துணி விரியாமல் பிடிக்க மட்டுமே. அதை இறுக்கினால் பின்மடிப்புகள் இழுபடும். இடுப்பு வாருக்குள் இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் போதுமான இறுக்கம். கொஞ்ச நேரம் நடந்தபின் துணி படிந்து தளரும், அப்போது ஒரு துளை கூட்டிக்கொள்ளலாம்.

வயிறு பிடிப்பதாகச் சொல்வது பெரும்பாலும் உட்காரும்போதுதான். வாருக்கு மேலேயும் சுமார் 2 அங்குலம் துணி ஏறி நிற்கும். கூன்போட்டு உட்கார்ந்தால் அது விலாவில் குத்தும். நிமிர்ந்து உட்கார்ந்தால் குத்தாது. பாவாடை கட்டியவர்கள் செய்வதுபோல் பின்மடிப்பைக் கையால் தடவிவிட்டு உட்கார வேண்டும். உள்ளே சட்டை சுருங்கியிருந்தால் வார் அந்தச் சுருக்கத்தைத் தோலில் அழுத்தும். பலர் கில்ட்டைக் குறை சொல்வது இந்தச் சட்டைச் சுருக்கத்துக்காகத்தான்.

கோமாளி மாதிரி தெரிவது மேல்கோட்டின் கோளாறு. கில்ட்டுக்கான கோட்டு குட்டையாக வெட்டப்பட்டது. உயர்ந்த இடுப்புக்கு அது பொருந்தும். சாதாரண சூட் கோட்டைப் போட்டால் உடம்பே இரண்டாக வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். முன்னால் தொங்கும் பையை பெல்ட் பக்கிளிலிருந்து நாலு விரல் கீழே விடட்டும். அலங்கார ஊசியை வெளிமுகப்பில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கையில் துணி கிழியும்.

சரியான உயரத்தில் கட்டியும் முட்டியை மறைத்தால், கடையில் உயரம் குறைந்ததாக மாற்றிக் கேட்கட்டும். நம் பழக்கத்தில் மேலே சுருட்டிவிட வேண்டாம், மடிப்பெல்லாம் கலைந்துவிடும்.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் வள்ளத்தில் நின்று வலை இழுக்கும்போது கைலி நழுவுகிறது. இறுக்கினால் மூச்சு முட்டுகிறது. பெல்ட் போட்டும் பயனில்லை.
வாசகர், பாம்பன்

பதில்: கைலி புதிதா? கஞ்சி போகாத துணி வழுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுக் கட்டுங்கள். பாலியெஸ்டர் கலந்ததென்றால் அலசியும் பெரிய மாற்றம் இராது. கடலுக்குப் பருத்தியே மேல்.

கட்டும்போது கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். கால் சேர்த்துக் கட்டினால் எட்டு வைக்கும் ஒவ்வொரு முறையும் துணி இடுப்பைத்தான் இழுக்கும். மூட்டிய கைலியை முதுகில் படிய இழுத்து, மிஞ்சிய துணியை ஒரு பக்கமாக மடித்து, தொப்புள் மட்டத்தில் மேல்விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சுருட்டுச் சுருட்டுங்கள். சுருள் விரல் கனம் இருக்க வேண்டும். உடனே ஒருமுறை குந்தி எழுந்து பாருங்கள். குந்தும்போது வயிறு பருத்துச் சுருளைத் தள்ளும், எழுந்ததும் அது தளரும். அந்தத் தளர்வை எடுத்துவிட்டு மறுபடி சுருட்டினால் வலை இழுக்கும்போது நிற்கும்.

மடித்துக் கட்டுவதாக இருந்தால் இரண்டாவது கட்டு சுருளுக்கு மேலேயே வரட்டும். கீழே வந்தால் தூக்கிய துணியின் பாரம் முழுவதும் சுருளைக் கீழே இழுக்கும். பெல்ட்டிலும் இதே தப்பு நடக்கிறது: சுருளுக்குக் கீழே போடுகிறார்கள், சுருள் பிரிந்து பெல்ட்டுக்கு மேல் வழிகிறது. சுருளின் கீழ்ப்பாதியை மூடும்படி போடுங்கள்.

உப்புத் தண்ணீர் காய்ந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கனக்கும், தோலை அறுக்கும். கரைக்கு வந்ததும் இடுப்புப் பகுதியையாவது நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ஓடும் எஞ்சினுக்கும் சுழலும் தண்டுக்கும் பக்கத்தில் மட்டும் கைலியே வேண்டாம், கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொந்தி உள்ளவர்கள் வேட்டியை மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா?
வாசகர், தேவிபட்டினம்

பதில்: மேலேயோ கீழேயோ கட்டலாம், நடுவில் மட்டும் நிற்காது. கீழே கட்டினால் முன்பக்கம் இறங்கி, பின்பக்கம் ஏறியே இருக்கும்; முன்கரை காலில் தட்டும். செருகுவதற்கு முன் முன்பக்கத்தை இரண்டு விரல் தூக்கிவிடுங்கள். எட்டு முழம் உடம்பை இரட்டையாகச் சுற்றுவதால் நாலு முழத்தைவிட நன்றாகப் பிடிக்கும். ஒட்டும் வேட்டி வாங்குவதென்றால் உட்கார்ந்த நிலையில் வயிற்றை அளந்து வாங்குங்கள்.

கேள்வி: இருபது வருடமாக ஒரே இடத்தில் கைலி கட்டுகிறேன். இடுப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு, நடுவே ஒரு புண். கவலைப்பட வேண்டுமா?
வாசகர், மண்டபம்

பதில்: கோடு பலருக்கும் உண்டு, உராய்வும் வியர்வையும் சேர்ந்து தோலைக் கறுக்கவைக்கும். புண்தான் கவனிக்க வேண்டியது. வேட்டியோ சேலைப் பாவாடை நாடாவோ ஆண்டுக்கணக்கில் அழுத்திய இடத்தில் அரிதாகத் தோல் புற்றுநோய் வருவதை இந்திய மருத்துவர்கள் 1940களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சில வாரங்களில் ஆறாத புண், தடித்த ஓரம், ரத்தக் கசிவு எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கும் களிம்பைத் தடவி நாள் கடத்த வேண்டாம். கட்டும் இடத்தை நாளுக்கு ஒரு விரல் மேலும் கீழுமாக மாற்றுங்கள். அரைஞாண் கயிறு அதே கோட்டில் விழுகிறதா என்றும் பாருங்கள். கைலிக்குள் மெல்லிய கயிறு சிக்கினால் அழுத்தம் முழுவதும் அதன் கனத்துக்குள் குவியும்.

கேள்வி: அகலமான பச்சை பெல்ட்டின் பையில் செல்போன் வைக்கலாமா?
வாசகர், பெரியபட்டினம்

பதில்: ரூபாய் நோட்டும் சில்லறையும் வைக்கலாம். செல்போன் ஒரு பக்கமாகப் பாரம் இழுத்து, அந்தப் பக்கக் கட்டைத் தளர்த்தும். குனிந்தால் அடிவயிற்றில் குத்தும், வியர்வையும் இறங்கும். சட்டைப்பைதான் அதற்கு இடம்.