பட்டமளிப்பு விழாவில் ஆசிரியருக்கு என்ன வேலை?

கேள்வி: தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் மூன்று ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் பட்டமளிப்பு விழாவுக்கு ஆசிரியர்கள் அனைவரும் அங்கியுடன் வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. என் துறை மாணவர்களின் பெயர்களை மேடையில் வாசிக்கும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் வந்தே தீர வேண்டுமா? முனைவர் பட்ட ஆய்வை இன்னும் முடிக்காத நான் எந்த அங்கியை அணிவது? பெயர் வாசிப்பதில் கவனிக்க வேண்டியவை என்ன? – வாசகி ஒருவர்

பதில்: முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்வதானால், வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் ‘பட்டமளிப்பு விழாவுக்கு ஆசிரியர் வந்தாக வேண்டும்’ என்று தனி விதி எதையும் நீங்கள் தேட வேண்டியதில்லை. அதே விதிமுறைகளில் உள்ள ஆசிரியர் நடத்தை நெறிகள், கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஆற்றும் கல்விப் பொறுப்புகளுக்கு ஆசிரியர் ஒத்துழைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்கின்றன. உங்கள் பணி நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள்; நிறுவனம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும் என்ற வாசகம் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த வாசகத்தோடு கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கையும் சேர்ந்துவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பணி நாள்தான்.

பணி நாள் என்றால் அதற்குரிய ஈடுசெய் விடுப்பைக் கேட்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அதை விழா முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்பதைவிட, விழாவுக்கு முன்பே துறைத்தலைவர் வழியாக எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. உடல்நலமோ குடும்பச் சூழலோ வர விடாவிட்டாலும் எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஊர்வல வரிசையையும் இருக்கைகளையும் தலை எண்ணித்தான் அமைக்கிறார்கள் என்பதால், சொல்லாமல் நின்றுவிடும் ஒருவரின் இடம் எல்லோர் கண்ணிலும் படும். கருத்து வேறுபாட்டால் புறக்கணிக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. 2023 நவம்பரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவை, விடுதலைப் போராட்ட வீரர் சங்கரய்யாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கும் பரிந்துரைக்கு ஒப்புதல் கிடைக்காததைக் கண்டித்து, இணைவேந்தராக இருந்த உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். அது மேடையில் அமர்பவரின் அரசியல் முடிவு. கையில் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் ஆசிரியரின் நிலை வேறு. அவர் வராவிட்டால் அந்த எதிர்ப்பு போய்ச் சேர்வது மாணவரிடம்தான்.

ஆசிரியர் எதற்காக அங்கே இருக்க வேண்டும் என்பதைச் சற்று விளக்குகிறேன். அது புரிந்தால் மற்றவை எளிதாகிவிடும். 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, இந்த விழா முறையும் கூடவே வந்தது. பல்கலைக்கழக விழாவில் பதிவாளர் முன்னே செல்ல, கல்விப்பேரவையினரும் ஆட்சிக்குழுவினரும் தொடர, துணைவேந்தரும் சிறப்பு விருந்தினரும் இறுதியில் வேந்தரும் வருவது பொதுவான வழக்கம். வேந்தர் அவையைத் தொடங்கி வைத்த பிறகு, அந்தந்தப் புலத்தின் சார்பில் ஆசிரியர் ஒருவர் எழுந்து, இவர்கள் உரிய தேர்வுகளில் தேறித் தகுதி பெற்றவர்கள், இவர்களுக்குப் பட்டம் அளிக்க வேண்டுகிறேன் என்ற பொருளில் முன்மொழிகிறார். அப்படிப் பார்த்தால் அது ஒரு சாட்சியம்; பாடம் சொல்லித் தேர்வு வைத்துத் திருத்தியவர் அவை முன் நின்று சொல்லும் சாட்சியம். வந்து அமர்ந்து கைதட்டிவிட்டுப் போகும் பார்வையாளருக்கு அந்த இடம் இல்லை.

உங்கள் கல்லூரி விழா இதன் சிறிய வடிவம், ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. 1956ஆம் ஆண்டின் மானியக் குழுச் சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும், சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் தன்னாட்சிக் கல்லூரியின் கையில் இருந்தாலும், சான்றிதழில் இருப்பது பல்கலைக்கழகத்தின் முத்திரை. ஆகவே மேடையில் நீங்கள் முன்மொழிவு வாசகம் எதையும் படிக்க நேர்ந்தால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தரும் வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் படியுங்கள்.

அங்கியைப் பற்றி: நீங்கள் பெற்றுவிட்ட பட்டங்களில் உயர்ந்தது எதுவோ அதற்குரியதை அணிய வேண்டும், பதிவு செய்து ஆய்வில் இருக்கும் பட்டத்துக்குரியதை அணியக் கூடாது. முதுகலையோ ஆய்வியல் நிறைஞரோ முடித்திருந்தால் அதற்குரிய அங்கியும் கழுத்துப்பட்டையும் போதும். வாடகைக் கடையிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும் அங்கிகளில் முனைவர்களுக்குரியது கைக்குக் கிடைத்தாலும், திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையின் முன்புறம் ஒரு சிறு நூல் வளையம் இருக்கும். சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்காக வைத்தது அது. சேலைக்குப் பொத்தான் ஏது? இரண்டு ஊக்குகளைக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பட்டை பின்பக்கமாக நழுவித் தொண்டையை இறுக்கும். மின்விசிறி எட்டாத வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கலாம் என்பதால் பருத்திச் சேலையே உத்தமம். 2010இல் போபாலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், காலனிய எச்சம் என்று சொல்லி மேடையிலேயே அங்கியைக் கழற்றியதும், 2019இல் மானியக் குழு கைத்தறி அங்கிகளைப் பயன்படுத்தச் சொல்லிப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியதும் உண்டு. என் விருப்பமும் கைத்தறி அங்கவஸ்திரத்தின் பக்கமே. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது கல்லூரி. வரிசையில் ஒருவர் மட்டும் அங்கியில்லாமல் வருவது சீர்திருத்தம் ஆகாது.

இனி, பெயர் வாசிப்பு. அன்றைய பணிகளில் மிகக் கடினமானது இதுதான் என்பேன். பட்டியல் ஆங்கில எழுத்தில் வரும். அதில் குறில் நெடில் தெரியாது. தரணியா தாரணியா, மலதியா மாலதியா என்பதைச் சில சமயம் ஊகித்துவிடலாம், சில சமயம் முடியாது. கயல்விழியின் ழகரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் ‘கயல்விசி’ ஆக்கியவரை நான் கேட்டிருக்கிறேன். நானே ஒருமுறை தாரணியைத் தரணி என்று வாசித்தேன்; மேடையேறிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒரு கணம் நின்று, அது தன்னைத்தானா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தார். கீழே அவருடைய அப்பா கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிவில் என் பிழையும் இன்றுவரை இருக்கும்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஐயமுள்ள பெயர்களை அந்த மாணவரிடமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பிற மாநில மாணவர்களின் பெயர்களுக்கு இது இன்னும் அவசியம். முன்னெழுத்தைச் சொல்வதா விடுவதா என்பதை எல்லாத் துறைகளுக்கும் ஒரே மாதிரியாக ஒத்திகையில் முடிவு செய்யச் சொல்லுங்கள். வேகமும் முக்கியம். ஒருவருக்கு ஆறு வினாடி என்று வைத்தால் அறுநூறு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும்; அதை நான்காகச் சுருக்கினால் பெயர் ஒருவருக்கும் சான்றிதழ் அடுத்தவருக்குமாகிவிடும். முன்னவர் விருந்தினரின் கையிலிருந்து சான்றிதழை வாங்கிய பிறகே அடுத்த பெயரை எடுங்கள். பட்டியலைப் பார்த்து வாசிப்பதைவிட, மேடைப் படியில் நிற்பவர் நீட்டும் பெயர்ச் சீட்டை வாங்கி வாசிப்பது பாதுகாப்பானது. வரிசையில் ஒருவர் குறைந்தாலும் குழப்பம் வராது.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நிறைவில் நாட்டுப்பண்ணுக்கும் எழுந்து நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இடையில் உங்கள் துறை முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள். மற்றத் துறை மாணவர்களுக்கும் அது ஒரே ஒரு நாள்தான்.

விழா முடிந்ததும் அங்கியை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வராதவர் பெயருக்கு நேரே குறியிட்ட பட்டியலை அன்றே தேர்வு அலுவலகத்தில் ஒப்படைத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வராதவர்களின் சான்றிதழ்களை அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் தனியே எடுத்து வைப்பார்கள்.