தண்ணீருக்குள் பொறி விட்டால் தங்கம் சிவக்குமா?

கேள்வி: சேர், கல்முனையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு தங்கக் கம்பிகளைத் தண்ணீருக்குள் வைத்துக் கரண்ட் பொறி விட்டால் தண்ணீர் சிவக்கும், அதுதான் நனோத் தங்கம் என்கிறாள் உயர்தரம் படிக்கும் மகள். உண்மையா? வெல்டிங் மெஷினை வைத்து நாமும் செய்யலாமா? அந்தத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: மகள் சொன்னது சரிதான். கெயோர்க் பிரெடிக் என்ற ஜேர்மனியர் 1898இலேயே இதைச் செய்துவிட்டார். கம்பி முனைகளுக்கு நடுவே பொறி எழும்போது அந்தச் சின்ன இடத்தில் பல ஆயிரம் பாகை சூடு. தங்கம் உருகுவதோடு நிற்காமல் ஆவியாகவே போகும். சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் என்பதால் அந்த ஆவி உடனே இறுகிவிடும். துகள் பருக்க அவகாசமே இல்லை. மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நனோமீற்றர். இருபது நனோமீற்றர் அளவுத் தங்கத் துகள் பச்சை ஒளியை விழுங்கிவிடும், அதனால் தண்ணீர் சிவப்பாகத் தெரியும்.

வெல்டிங் மெஷின் என்று கேட்டீர்களே, பொருத்தமான கேள்வி. 2001இல் தண்ணீருக்குள் இரண்டு கரிக்கோல்களை வைத்து, வெல்டிங் மெஷினைப் போலவே குறைந்த வோல்ட்டில், கூடிய கரண்டில், அதாவது சுமார் 17 வோல்ட், 30 அம்பியரில் பொறி விட்டு, வெங்காயம் போல ஏடு ஏடாக அடுக்கிய நனோக் கரித் துகள்களை, அதாவது 'கரி வெங்காயம்' எடுத்தார்கள். அந்தக் குழுவில் நம் நாட்டவரான பேராசிரியர் கெஹான் அமரதுங்கவும் இருந்தார். வெற்றிடப் பம்ப் தேவைப்படவில்லை என்பதுதான் அதில் பெரிய இலாபம்.

ஆனால் பட்டறையில் வேண்டாம். ஈரக் கையும் கரண்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. பொறி தண்ணீரையும் உடைத்து ஐதரசனை வெளிவிடும். பக்கத்தில் ஊதுவிளக்கு எரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம், 22 கரட் கம்பி என்றால் செம்பும் சேர்ந்து கரையும். நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. உப்புப் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிறம் நீலமாகி, அடியில் படிந்துவிடும். பிரெடிக் சுத்தமான நீரைக் குளிர வைத்து, துளி காரமும் (அமிலத்துக்கு எதிரான பொருள்) சேர்த்துத்தான் செய்தார். அப்படியும் துகள்கள் ஒரே அளவில் வராது, சில கட்டியாகவே விழும்.

குடிக்கும் பேச்சை விடுங்கள். வெள்ளியில் இப்படிச் செய்த தண்ணீரை மருந்தென்று நெடுநாள் குடித்தவர்களின் தோல் சாம்பல் நீலமாகி, அப்படியே நின்றுவிட்டது.