பழம்பொருள் கடையைப் பெரிதாக்க யாரைக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

தென் தில்லியின் ஒரு வார்டில் மாநகராட்சி தொண்டு நோக்கில் நடத்தும் பழம்பொருள் கடையை விரிவாக்குவது குறித்துக் குடியிருப்போரிடம் கருத்துக் கேட்கப்படுவதாகவும், அதற்கு என்ன பதில் எழுதுவது என்றும் தமிழ் வாசகர்கள் சிலர் நமக்கு எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கே இடம் தந்திருக்கிறோம்.

எங்கள் வார்டில் உள்ள கடை இரண்டு அறைகளில் இயங்குகிறது. வீடுகளிலிருந்து வரும் துணி, பாத்திரம், புத்தகம், பொம்மை ஆகியவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் இரவுத் தங்குமிடங்களுக்குப் போர்வை வாங்கித் தருகிறார்கள். பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் கூடத்தையும் கடையோடு சேர்ப்பதாகத் திட்டம். கருத்துச் சொல்ல எங்கள் குடியிருப்போர் சங்கத்தை அழைத்திருக்கிறார்கள். கடை பெரிதாவது நல்லதுதானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது?
— ஒரு வாசகி, ஆர்.கே. புரம்

நல்லதுதான். ஆனால் அந்தக் கூடத்தை எதற்காகச் சேர்க்கிறார்கள் என்று கேட்காமல் சங்கத்தின் சார்பில் ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள். வாங்க வருபவர்களின் கண்ணில் அலமாரிகளும் வரிசையாகத் தொங்கும் சட்டைகளுமே படுகின்றன என்றாலும், இத்தகைய கடையின் உழைப்பில் பெரும்பகுதி அதற்குப் பின்னால்தான் நடக்கிறது. வந்து இறங்கும் மூட்டைகளை அவிழ்த்து, துவைத்துக் கொடுத்திருக்கிறார்களா, பொத்தான்கள் இருக்கின்றனவா, ஜிப் ஓடுகிறதா, மிக்ஸி சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, விலைச்சீட்டு ஒட்டி, விற்காது என்று தெரிவதை உடனே ஒதுக்கும் வேலை அது. தில்லியில் இந்த மூட்டைகள் ஆண்டு முழுவதும் ஒரே சீராகவும் வருவதில்லை. தீபாவளிக்கு முன் வீடுகளை ஒழிக்கும்போது ஒரு பெருக்கு. வகுப்பு மாறும் பருவத்தில் சீருடையும் பாடப்புத்தகமுமாக இன்னொன்று. அரசு ஊழியர்கள் மாற்றலாகி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது கட்டில், ஏர்கூலர், பீரோ என்று வேறொன்று. பிரிக்க இடமில்லாமல் இவற்றை வராந்தாவில் அடுக்கிவைத்தால், ஒரு ஜூலை மழைக்கே நல்ல துணியும் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போய்விடும்.

நகராட்சியே இப்படிக் கடை நடத்துவது உலகத்துக்குப் புதிதல்ல. ஹாம்பர்க்கில் நகரத் துப்புரவு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டில்புரூக் கடைகள் 2001 முதல் இயங்குகின்றன. வியன்னா மாநகராட்சியின் கழிவு மேலாண்மைத் துறை 2015இல் தன் கடையைத் திறந்தது. அதே ஆண்டு ஸ்வீடனின் எஸ்கில்ஸ்தூனா நகரில், நகராட்சி நிறுவனத்தின் பொறுப்பில், பழம்பொருள்களுக்கென்றே ஒரு வணிக வளாகம் தொடங்கப்பட்டது. அந்த வளாகத்தில் மக்கள் கொண்டுவரும் பொருள்கள் நேரே கடைகளுக்குப் போவதில்லை; முதலில் கிடங்கில் இறங்கி, அங்கே தரம் பிரிக்கப்பட்ட பிறகே விற்பனைக்குப் போகின்றன. நம் நாட்டில் 2023 மே மாதம் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் ‘மேரி லைஃப், மேரா ஸ்வச் ஷஹர்’ இயக்கத்தின் கீழ் நகரங்களில் திறக்கச் செய்த ஆர்.ஆர்.ஆர். (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி) மையங்கள், வேண்டாத பொருளைக் குப்பையில் போடாமல் ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற எண்ணத்தைப் பலருக்கு உண்டாக்கின. கொடுப்பது எளிது, கொடுத்ததைப் பிரிப்பதற்குத்தான் ஆளும் இடமும் வேண்டும்.

பிரிப்பவருக்குப் பொருளைப் பற்றிய அறிவும் வேண்டும். நம் வீடுகளிலிருந்து போகும் மூட்டையில் பாட்டி காலத்துக் காஞ்சிபுரம் புடவை ஒன்று இருந்தால், அசல் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது என்று தெரிந்தவர் அதைத் தனியே எடுத்துவைத்து வெள்ளியின் மதிப்புக்கேற்ற விலை கேட்பார். தெரியாதவர் அதை நைலக்ஸ் புடவைகளோடு சேர்த்து ஐம்பது ரூபாய்க்குப் போட்டுவிடுவார். அதைத் தூக்கிக்கொண்டு போக விவரம் தெரிந்த வியாபாரி ஒருவர் எப்போதும் வந்து நிற்பார். போர்வைக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது.

ஆகவே, கூடத்தில் பாதியையாவது பிரிக்கும் வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்றும், அங்கே தண்ணீர்க் குழாயும் நீள மேசைகளும் எடை இயந்திரமும் இருக்க வேண்டும் என்றும், துணி குவியும் இடம் என்பதால் இரண்டாவது வெளிவாசலும் தீயணைப்பான்களும் கட்டாயம் என்றும் எழுதுங்கள். கடந்த ஆண்டு எத்தனை கிலோ வந்தது, அதில் எவ்வளவு விற்றது, எவ்வளவு கழிந்தது என்ற கணக்கைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் ஊழியரை நியமிக்கப் பணமில்லை என்று பதில் வந்தால், கூடம் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணத்தில் முதலில் இரண்டு பேரை வேலைக்கு எடுங்கள் என்று சொல்வதே பொறுப்பான கருத்து என்பது என் எண்ணம்.

ஏழைகளுக்கென்று கொடுத்த பொருளைப் பணம் வாங்கிக்கொண்டு விற்பது முறையல்ல, விரிவாக்கத்தோடு எல்லாவற்றையும் இலவசமாக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் சிலர் வாதிடுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், ஆர்.கே. புரம்

நான் அதற்கு உடன்படவில்லை. முப்பது ரூபாய் கொடுத்து ஸ்வெட்டர் வாங்குபவர், நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், அளவு பார்க்கலாம், வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகலாம். இலவச வரிசையில் நிற்பவருக்கு இந்த உரிமைகள் எதுவும் இல்லை. கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். திருநெல்வேலியில் 2017இல் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய, வேண்டாததை வைத்துவிட்டுப் போகவும் வேண்டியவர் இலவசமாக எடுத்துக்கொள்ளவுமான அன்புச் சுவரைப் போன்ற முயற்சிகள் நல்லவைதான், ஆனால் எந்த ஊரானாலும் கவனிக்க ஆளில்லாத சுவரில் நல்லது முதல் மணிநேரத்தில் போய்விடும், கிழிந்தது மட்டும் தங்கும். 1999இல் இதே தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு துணியைத் தானமாக அல்லாமல், கிராமத்தார் தங்கள் ஊருக்காகக் குளம் வெட்டியோ சாலை போட்டோ செய்த உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கிறது என்பதை உங்கள் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

அவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று. கடை பெரிதாகி விளக்கும் கண்ணாடியும் வந்ததும் விலையும் ஏறலாம். பழைய துணி அணிவது இளைஞர்களிடையே நாகரிகமாகிவிட்ட இக்காலத்தில், மலிவு விலைக் கடைகளில் மொத்தமாக வாங்கி இன்ஸ்டாகிராமில் பல மடங்கு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை உருப்படிதான் என்ற வரம்பும், குழந்தைகளின் குளிர்கால உடைகளுக்கு மாறாத விலையும் வேண்டும் என்று கேட்பது, இலவசம் கேட்பதைவிடப் பயன் தரும்.

நான் முனிர்காவில் குடியிருந்து வீட்டு வேலை செய்கிறேன். என் பிள்ளைகளின் உடுப்பெல்லாம் அந்தக் கடையில்தான் வாங்குகிறேன். கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்திருக்கிறார்கள், அப்போது என்னால் போக முடியாது. படிவமும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?
— ஒரு வாசகி, முனிர்கா

இந்தக் கடையைப் பற்றி முதலில் கருத்துக் கேட்கப்பட வேண்டியவர் நீங்கள்தான் அம்மா. பொருள் கொடுப்பவர்களைச் சங்கங்களின் வழியாக எளிதில் அழைத்துவிடலாம். வாங்குபவர்களுக்குச் சங்கம் இல்லை என்பதால் அவர்கள் குரல் கூட்டத்துக்கு வராமலே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றிய அரசிடமோ மாநில அரசிடமோ அங்கே வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. எனவே தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் படிப்பவர் புரிந்துகொண்டால்தான் காரியம் நடக்கும் என்பதால், பள்ளியில் இந்தி படிக்கும் பிள்ளையைக் கொண்டு அதே செய்தியைக் கீழே இந்தியில் எழுதச் சொல்லி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையோடு ‘ரிசீவிங்’ (பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம்) வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. எந்தப் பொருள் தேடிப்போய்க் கிடைக்காமல் திரும்பினீர்கள், எந்த நேரத்தில் கடை திறந்திருந்தால் உங்களுக்கு வசதி, விலை கட்டுப்படியாகிறதா என்ற மூன்றையும் எழுதினால் போதும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறக்க வேண்டும் என்று உங்களைப் போல் வேலைக்குப் போகும் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதற்குப் புதிய கூடமே தேவைப்படாது.

முதல் கேள்வி கேட்ட ஆர்.கே. புரம் வாசகியும் இதைப் படிக்க வேண்டுகிறேன். இன்னொரு கூட்டத்தை ஞாயிறு மாலையில் அந்தக் கடையிலேயே வைக்கச் சொல்லி உங்கள் சங்கம் கேட்கலாம். பணம் வாங்கும் மேசையருகே ஒருவர் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கருத்துகளைப் பெற்ற பின் முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, 30 நாளுக்குள் பதில் பெற வழியிருக்கிறது.

ரகுபீர் நகர் பழைய துணிச் சந்தை எங்கள் பகுதிக்கு அருகில் இருக்கிறது. வார்டுதோறும் மாநகராட்சியே பழைய துணி விற்கத் தொடங்கினால் அந்த வியாபாரிகள் பிழைப்பு என்ன ஆகும்?
— ஒரு வாசகர், ஜனக்புரி

யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். தெருத்தெருவாகப் பாத்திரம் சுமந்து, பழைய துணிக்கு எவர்சில்வர் டப்பாவும் பிளாஸ்டிக் வாளியும் கொடுத்து, விடியலுக்கு முன்பே ரகுபீர் நகரில் அத்துணியை விற்கும் பெண்களில் பெரும்பாலோர் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தினர். நம் ஊரிலும் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வழக்கம் இருந்ததால் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர்கள் அந்நியர்களாகத் தோன்றியதே இல்லை. மத்தியதர வீடுகளின் நல்ல துணி முழுவதும் மாநகராட்சிக் கடைக்குத் திரும்பினால், அவர்கள் கூடையில் விழுவது குறையத்தான் செய்யும்.

இதற்காகக் கடையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எந்தத் தொண்டுக் கடையிலும் விற்காமல் மிஞ்சுவது கணிசமாக இருக்கும். அதை ஆண்டு ஒப்பந்தமாக ஒரே குத்தகைதாரருக்குக் கொடுப்பதே அலுவலகங்களின் வழக்கம். அப்படியல்லாமல் சிறு சிறு கட்டுகளாகக் கட்டி, இந்தப் பெண்களுக்கு எடைக் கணக்கில் விற்கலாம். ஒட்டுப்போட்டும் உடுத்த முடியாத கம்பளித் துணியை அவர்கள் வழியாகவே பானிபட்டுக்கு அனுப்பலாம். அங்குள்ள ஆலைகள் அதை நாராகக் கிழித்து, மறுபடி நூற்று, மலிவுக் கம்பளிகளாக நெய்கின்றன. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014இன்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு உண்டு. கடை விரிவாக்கம் அந்தக் குழுவின் முன்னும் வைக்கப்பட வேண்டும் என்று நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பலாம். இத்திட்டம் உங்கள் வார்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைக்குப் பொருள் கொடுத்தால் வருமான வரிச் சலுகைக்கு ரசீது கிடைக்குமா?
— ஒரு வாசகர், மோதி பாக்

வரிச் சலுகை கிடைக்காது. 80ஜி என்று நாம் பழகியிருக்கும் நன்கொடைக் கழிவு பணத்துக்கு மட்டுமே உரியது, பொருளுக்கு இல்லை. பணத்திலும் ரொக்கமாகக் கொடுப்பது 2,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் கொள்ளப்படாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனால் என்ன கொடுத்தீர்கள் என்று எழுதிய ஒரு சீட்டைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. அடிக்கட்டை கடையில் இருந்தால், வந்தது எவ்வளவு என்ற கணக்குக்கு அதுவே ஆதாரமாகும்.