இடுப்பு வலியா? ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்

“இடுப்பு வலிக்கிறது” என்று வருகிறவர்களிடம், வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். ஒருவர் முதுகின் அடியைத் தொடுவார், இன்னொருவர் பிட்டத்தை, வேறொருவர் தொடையிடுக்கை. நம் பேச்சில் எல்லாமே இடுப்புதான். வைத்தியம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். இந்த முறை ஓட்டக்காரர்களின் கேள்விகளே குவிந்திருக்கின்றன.

வயது 36, வங்கி வேலை. ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் ஓடி ஏறுகிறேன். தொடையின் மேற்புறம், முன்பக்கம், கயிறு கட்டி இழுப்பதுபோல் இறுக்கம். தினமும் தசையை நீட்டும் பயிற்சி செய்தும் தளரவில்லை.
— வாசகர், அஸ்தம்பட்டி

அங்கே இருப்பது இலியோசோவாஸ் தசை. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பெலும்பின் உட்புறத்திலும் தொடங்கித் தொடையெலும்பில் வந்து சேரும். காலைத் தூக்குவது அதன் வேலை. வாரம் முழுக்க நாற்காலியில் மடங்கிக் கிடந்த தசையை, ஞாயிறு விடிந்ததும் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள். ஏற்றத்தில் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் கூடுதலாக உயர வேண்டும். இறுக்கம் என்று தோன்றுவது பல நேரங்களில் வலுவற்ற தசையின் களைப்புதான். அதை நீட்டிக்கொண்டே இருந்தால் தீராது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அப்படியே மல்லாந்து சாய்ந்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். மற்றக் காலைத் தொங்க விடுங்கள். அந்தத் தொடை மெத்தையில் படிந்தால் தசையின் நீளத்தில் குறையில்லை. அந்தரத்தில் நின்றால் உண்மையிலேயே குறுகியிருக்கிறது.

குறுகியிருந்தால் நீட்டலாம், ஆனால் சரியாக. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிச் செய்யும் பயிற்சியில் பெரும்பாலோர் முதுகை வளைத்து முன்னால் சாய்கிறார்கள். அப்போது வளைவது முதுகு மட்டுமே. சாயாமல் நிமிர்ந்திருந்து, ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்குங்கள். இழுப்பு தானாகத் தெரியும். 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை, ஓடி முடித்த பிறகு. ஓடுவதற்கு முன்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசினால் போதும்.

வலுவுக்கு: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துங்கள். பிறகு பாதங்களில் ரப்பர் பட்டையை மாட்டி, முழங்கால்களை மாறி மாறி மார்பை நோக்கி இழுங்கள். வாரம் 3 நாள், குறைந்தது 6 வாரம். அதுவரை ஐந்தாவது வளைவோடு திரும்பிவிடுங்கள். ஏற்காடு எங்கும் போய்விடாது. முழுப்பாதைக்குப் போகும் நாளில் இறங்குவது பஸ்ஸிலேயே இருக்கட்டும். ஒரு முறை வீம்புக்கு ஓடியே இறங்கினேன். மறுநாள் வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது.

வயது 47. மூக்கனேரிக் கரையில் ஓடுகிறேன். இடது இடுப்பின் வெளிப்புறம் வலி. அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் போய்விடுகிறது. காலைக் குறுக்கே போட்டு இழுக்கும் பயிற்சியைத் தோழி சொல்லித் தந்தார்.
— வாசகி, கன்னங்குறிச்சி

அந்தப் பயிற்சியை இன்றோடு விடுங்கள். பிட்டத் தசையின் தசைநாண், வெளிப்புறம் துருத்தும் எலும்பில் வந்து ஒட்டுகிறது. கால் குறுக்கே போகும்போதெல்லாம் அது எலும்போடு நசுங்குகிறது. கால்மேல் கால் போடுவதும், இடுப்பில் குழந்தை இருப்பதுபோல் ஒரு பக்கம் ஒடிந்து நிற்பதும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். வலது பக்கமாகப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். பழைய துண்டால் இரு தொடைகளையும் முழங்காலுக்குச் சற்று மேலே சேர்த்துக் கட்டி, மல்லாந்தபடி வெளிப்பக்கம் மெதுவாக அழுத்தி 30 விநாடி நிறுத்துங்கள். ஓட்டத்தைக் குறைத்தால் போதும், நிறுத்த வேண்டாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் தூரம் அதிகம் என்று பொருள்.

கல்லூரி மாணவி, வயது 20. இரண்டு மாதத்தில் ஓடும் தூரத்தை இரட்டிப்பாக்கினேன். இப்போது தொடையிடுக்கில் ஆழமான வலி, நடக்கும்போதும். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை.
— வாசகி, ஏற்காடு

ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். இதற்கு எந்தப் பயிற்சியும் சொல்ல மாட்டேன். தொடையெலும்பின் கழுத்தில் நுண்முறிவு இருக்கலாம். ஒற்றைக் காலில் குதித்துச் சோதிக்கவும் வேண்டாம். உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள், காலில் பாரம் போடாமல். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு முழுதாக முறிந்து அறுவை சிகிச்சையில் முடியலாம். மாதவிடாய் நின்றதையும் கூசாமல் சொல்லுங்கள். உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாதபோது அது நிற்கும், எலும்பும் வலுவிழக்கும்.

ஓடும்போது இடுப்பில் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது. வலி இல்லை.
— வாசகர், சூரமங்கலம்

தசைநாண் எலும்பின்மேல் வழுக்கும் சத்தம். வலி வரும்வரை விட்டுவிடுங்கள்.

கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு வேலை. மாலையில் ஓடத் தொடங்கினால் இடுப்பு விறைத்துக்கொள்கிறது. நல்லெண்ணெய் தேய்க்கலாமா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

தாராளமாகத் தேயுங்கள். சூடான எண்ணெய் சற்று நேரத்துக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மணிக்கு ஒரு தடவை எழுந்து, கைகளை இடுப்பில் வைத்து ஐந்தாறு முறை பின்னால் வளையுங்கள். பட்டறையிலிருந்து நேராக ஓடாமல், முதல் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஓடுங்கள்.