பீரியட் டிராமாவுக்கு யார் காசு போடுவது? – கேள்வி பதில்

கேள்வி: பழங்காலக் கதை சொல்லும் பிரிட்டிஷ் பீரியட் தொடர்களை இப்போது யாருமே பார்ப்பதில்லையாமே?

பதில்: யாருமே என்பது அதிகம். 1995-இல் பிபிசியில் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' ஓடிய ஞாயிறு இரவுகளில் சுமார் 1 கோடிப் பேர் டிவி முன் இருந்தார்கள். ஐடிவி என்ற தனியார் சேனலின் 'டவுன்டன் ஆபி'க்கும் (2010–15) அப்படியொரு கூட்டம் சேர்ந்தது. அதில் ஒரு பகுதி இன்று நெட்ஃபிளிக்ஸில் 'பிரிட்ஜர்டன்' பார்க்கிறது, அதுவும் அவரவருக்குத் தோன்றிய நேரத்தில். பழைய சேனல்கள்தான் காலியாகின்றன.

கேள்வி: பீரியட் தொடருக்குச் செலவு அதிகம் என்கிறார்களே, உடை தைக்கவா இத்தனை செலவு?

பதில்: பெரும்பாலும் வாடகை உடைதான். லண்டனில் காஸ்ப்ராப், ஏஞ்சல்ஸ் என்று இதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. (ஒரே கவுன் எத்தனை தொடரில் வந்தது என்று கண்டுபிடிப்பது சில ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு!) காசைத் தின்பது தெருக்காட்சி. ஐம்பது துணை நடிகர்கள் நடந்தால் ஐம்பது பேருக்கும் உடை அளவு பார்க்க வேண்டும், தலை அலங்காரம் செய்ய வேண்டும். அப்புறம் தார்ச்சாலையில் மண் பரப்பணும், ஆன்டெனாவை மறைக்கணும், குதிரைக்கு ஆள் வைக்கணும்.

கேள்வி: பிபிசிக்குத்தான் லைசென்ஸ் கட்டணம் வருகிறதே, சார்?

பதில்: டிவி பார்க்கும் பிரிட்டிஷ் வீடுகள் ஆண்டுதோறும் கட்டும் அந்தப் பணம் வருகிறது. ஆனால் விலைவாசி ஏறிய நேரத்தில், 2022 முதல் 2024 வரை, அது 159 பவுண்டிலேயே நின்றது. 2025 ஏப்ரலில் 174.50 ஆனது. எப்படியும் இத்தகைய தொடருக்கு பிபிசி ஒரு பங்குதான் போடும். மீதியை அமெரிக்கக் கூட்டாளி, வெளிநாட்டு விற்பனை, வரிச்சலுகை என்று ஒட்டுப்போட்டுச் சேர்க்க வேண்டும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் வந்து ஸ்டூடியோ வாடகையையும் தொழில்நுட்பக் கலைஞர்களின் சம்பளத்தையும் ஏற்றிவிட்டதால் அந்த ஒட்டு இப்போது எட்டுவதில்லை. 2024-இல் வந்த 'உல்ஃப் ஹால்' இரண்டாம் பாகத்தையே பாருங்கள். இயக்குநர் பீட்டர் கோஸ்மின்ஸ்கி, நடிகர் மார்க் ரைலன்ஸ் உட்பட முக்கியமானவர்கள் தங்கள் சம்பளத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த பிறகுதான் படப்பிடிப்பே நடந்தது. வெளிப்புறக் காட்சிகளையும் வெட்ட வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் கோஸ்மின்ஸ்கியே சொன்னது இது. எட்டாம் ஹென்றி காலத்துக் கதையை அறைக்குள்ளேயே முடித்துக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு!

கேள்வி: அமெரிக்கக் கூட்டாளியை நம்பலாமா?

பதில்: இதுவரை நம்பலாம் என்றிருந்தது. 2019-இல் ஒரே சீசனோடு ஐடிவி கைவிட்ட 'சாண்டிடன்' தொடரை, அமெரிக்கப் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸின் நாடகப் பிரிவு 'மாஸ்டர்பீஸ்', பிரிட்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவையோடு சேர்ந்து மேலும் இரண்டு சீசன் ஓட்டியது. ஆனால் 2025 ஜூலையில் பொது ஒளிபரப்புக்கான 110 கோடி டாலரை அமெரிக்க காங்கிரஸ் திரும்பப் பெற்றுவிட்டது. 'மாஸ்டர்பீஸு'க்கு ஸ்பான்சரும் நன்கொடையாளரும் இருப்பதால் உடனே நின்றுவிடாது. துணிந்து புதிதாக ஒன்றில் பணம் போடுவது குறையும் என்பது என் கணிப்பு.

கேள்வி: வழி?

பதில்: ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் பிரிட்டிஷ் சந்தா வருமானத்தில் 5 சதவீதத்தை ஒரு நிதியில் சேர்க்கச் சொல்கிறார் கோஸ்மின்ஸ்கி. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுவும் அதையே பரிந்துரைத்தது. எனக்கும் நியாயமாகவே படுகிறது.

கேள்வி: டவுன்டன் மாளிகை செட்டா, நிஜமா?

பதில்: மேல்மாடி எஜமானர்களுக்கு நிஜமான ஹைக்ளியர் மாளிகை. வேலைக்காரர்களின் சமையலறை ஈலிங் ஸ்டூடியோவில் போட்ட செட்!