இ.இ.ஜி. நார்மல், ஆனாலும் வலிப்பு மாத்திரை ஏன்?

கேள்வி: என் மகளுக்கு வயது 24. சில மாதங்களாக, திடீரென்று ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கிறாள். சப்புக்கொட்டுகிறாள்; துப்பட்டா நுனியை விரலால் நிமிண்டிக்கொண்டே இருக்கிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுகிறாள், ஆனால் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. நரம்பியல் மருத்துவர் இது வலிப்பு என்று சொல்லி லெவிடிரசிடாம் 500 மி.கி. காலையும் இரவும் கொடுத்திருக்கிறார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையின் ரிப்போர்ட்டோ ‘நார்மல்’ என்கிறது. கேட்டால், “கோளாறு ஆழத்தில் உள்ள பிரமிடு நியூரான்களில் இருக்கிறது, அதனால் பதிவாகவில்லை” என்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் கைகால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு வரலாம், அது நிற்காமலும் தொடரலாம். உங்கள் மருத்துவர் சொன்ன விளக்கம் சரியானது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மூளையின் மேலுறையான கார்டெக்ஸ் 2 முதல் 4 மி.மீ. தடிமன்தான். அதில் உள்ள நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிரமிடு நியூரான்கள். செல்லின் உடல் முக்கோண வடிவில் இருப்பதால் இந்தப் பெயர். முக்கோணத்தின் உச்சியிலிருந்து ஒரு தடித்த கிளை மூளையின் மேற்பரப்பை நோக்கி ஏறுகிறது. அடிப்பகுதியைச் சுற்றிக் குட்டைக் கிளைகள் பரவியிருக்கின்றன. அடியிலிருந்து கிளம்பும் ஆக்ஸான் என்ற நீண்ட இழை செய்தியை வெளியே கொண்டுபோகிறது. சில இழைகள் மூளையின் மறுபாதிக்குப் போகும். கார்டெக்ஸின் ஆறு அடுக்குகளில் ஐந்தாவதில் உள்ள பெரிய செல்களின் இழைகள் தண்டுவடம் வரை இறங்கிக் கைகாலை அசைக்கும். கிளைகளில் ஆயிரக்கணக்கான நுண்முட்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, இன்னொரு செல்லின் தூண்டுதல் வந்து சேரும் இடங்கள்.

பிரமிடு நியூரான் வெளியிடும் குளுட்டமேட் அடுத்த செல்லைத் தூண்டிவிடும். பக்கத்தில் உள்ள சிறிய செல்கள் காபா என்ற ரசாயனத்தால் அதை அடக்கும். அந்த அடக்கும் வேலை தவறி, பிரமிடு செல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் கிளர்ச்சியடைவதுதான் வலிப்பு.

இ.இ.ஜி. பதிவு செய்வதும் பெரும்பாலும் இதே செல்களைத்தான். ஆக்ஸானில் ஓடும் மின்துடிப்பு ஒரு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். பல செல்களின் துடிப்புகள் ஒன்றோடொன்று கூட அவகாசம் இல்லை. கிளைகளில் தூண்டுதல் வந்து சேரும்போது உண்டாகும் மின்னோட்டம் பல பத்து மில்லிசெகண்ட் நீடிக்கும். பிரமிடு செல்களோ நாற்று நட்டதுபோல் ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கின்றன. ஆகவே அவற்றின் மின்னோட்டங்கள் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன. கிளைகள் எல்லாத் திசையிலும் பரவிய மற்ற செல்களில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவ்வளவும் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும்போது 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவே மிஞ்சும். கார்டெக்ஸில் சுமார் 6 முதல் 10 சதுர செ.மீ. பரப்பாவது ஒன்றாக இயங்கினால்தான் தலையில் ஒட்டிய மின்முனைக்கு அது எட்டும்.

நீங்கள் விவரித்த வகை வலிப்பு பெரும்பாலும் காதுப் பக்கமாக உள்ள மூளைப்பகுதியான டெம்போரல் மடலில், குறிப்பாக அதன் உட்பக்கம் உள்ள, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் தொடங்குவது. அது மேற்பரப்பிலிருந்து தள்ளி, ஆழத்தில் கிடக்கிறது. தவிர, அங்கே பிரமிடு செல்களின் அடுக்கு சுருண்டிருப்பதால், ஒரு பக்கத்து மின்னோட்டத்தை எதிர்ப்பக்கத்து மின்னோட்டம் ஓரளவு அழித்துவிடும். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த 20, 30 நிமிடப் பதிவில் ஒன்றும் தெரியாததில் வியப்பில்லை. வலிப்பு உறுதியானவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாக வரும். இந்த நோயில் ரிப்போர்ட்டைவிட நேரில் பார்த்தவர் சொல்லும் விவரத்துக்கே எடை அதிகம். நீங்கள் எழுதிய சில வரிகள் அந்த வகையில் மிக உதவியானவை. அடுத்த முறை வந்தால் செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இ.இ.ஜி.யை மறுபடி எடுக்கலாம், ஆனால் முதலில் எடுத்ததுபோல் அல்ல. முந்தைய இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, பரிசோதனையின்போது தூக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தூக்கத்தில்தான் வலிப்பைக் காட்டும் அலைகள் அதிகம் சிக்கும். டெம்போரல் மடலின் முன்பகுதிக்காகக் கண்ணுக்கும் காதுக்கும் இடையே கூடுதல் மின்முனைகள் வைப்பார்களா என்று கேளுங்கள். தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்து, தேங்காய் எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை சரியாக ஒட்டாது. காலையில் காபி, டீ வேண்டாம், ஆனால் பட்டினியாகவும் போகக் கூடாது. மாத்திரையை வழக்கம்போல் போட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால், வலிப்புக்கென்றே உள்ள முறையில், ஹிப்போகேம்பஸுக்குக் குறுக்கே மெல்லிய வெட்டுகளாக எடுக்க வேண்டும். சாதாரண ஸ்கேனில் சின்ன வடு தப்பிவிடலாம். குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்ததுண்டா என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் சிலருக்கு ஹிப்போகேம்பஸின் பிரமிடு செல்கள் அழிந்து, அந்த இடம் சுருங்கித் தழும்பாகியிருக்கும். தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அந்தத் தழும்பை அறுவை சிகிச்சையில் அகற்றுவதைத் தள்ளிப்போடாமல் யோசிக்க வேண்டும்.

வலிப்பு வரும்போது பிடித்து அமுக்காதீர்கள், கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள். அடுப்பு, படிக்கட்டு பக்கம் போகாமல் மெதுவாக விலக்கிவிட்டு நேரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை. இப்போதைக்கு ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், குளியலறையை உள்ளே தாழ்போட வேண்டாம். லெவிடிரசிடாம் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தரும். மகளின் சுபாவம் மாறுவதுபோல் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது, குழந்தை பெறும் வயது என்பதால் வால்புரோயேட் தவிர்த்த வேறு மருந்து கிடைக்குமா என்று நீங்களே கேளுங்கள். வால்புரோயேட் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது.